முப்பது குழி அட்டை

மரபு என்று நான் சொன்னால் ஜெசிந்தா சிரிப்பாள்.
ஷார்ஜா ரோலாவில் ஒரு பொது ஹால்,
மூன்று குடும்பம், மூன்று ஃபிரிட்ஜ்.
எங்கள் ஃபிரிட்ஜின் தலையில்
தூக்கிப்போட மறந்த முட்டை அட்டை.
அவ்வளவுதான் ஆரம்பம்.

முப்பது குழி.
ஈஸ்டருக்கு ஒரு முட்டை, முட்டைக்கு ஒரு குழி.
நிறம் என் பொறுப்பு:
அந்த வருடம் கராஜில் நான் அதிகம் அடித்த வண்டியின் நிறம்.

முதல் முட்டை லேண்ட் குரூசர் வெள்ளை.
"முட்டை ஏற்கெனவே வெள்ளைதானே" என்றாள்.
வெயிலில் காட்டச் சொன்னேன்.
உள்ளேயிருந்து முத்து மினுங்கியது.
"சரி, இருக்கட்டும்" என்றாள்.
இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதும்.
இந்த ஊர் வண்டிகளுக்கு வெயில் என்றால் பயம்.
நான்காம் வருடம் ஒரு மெரூன் வந்தது,
அதைப் பார்க்க எதிர் அறை சுபைதா
கரண்டியோடு வந்து நின்றாள்.

முட்டையின் உள்ளிருப்பதை வெளியேற்ற
முதல் தடவை கம்ப்ரஸர் காற்றை வைத்தேன்.
புருவத்தில் மஞ்சள் கரு,
மீதி யாரோ ஒருவரின் கேம்ரி கண்ணாடியில்.
பிறகு மருந்துக்கடை ஊசி:
மேலே ஒரு துளை, கீழே ஒன்று.
ஊதுவது இப்போது நிவேட்டா, கன்னம் வலிக்க.
ஒன்று தேறுவதற்குள் ஐந்து உடையும்.
தவக்காலத்தில் நாங்கள் முட்டை தொடுவதில்லை,
கிண்ணம் சுபைதாவின் அடுப்புக்குப் போகும்.

எட்டாவது குழி காலி.
கராஜ் பூட்டிக் கிடந்த வருடம்,
பூசை ஃபோனில்.
வண்டி இல்லை, அதனால் நிறம் இல்லை,
அதனால் முட்டை இல்லை.
சட்டம் என்றால் சட்டம் என்று
ஆறு வயதில் தீர்ப்புச் சொன்னாள் என் மகள்.

இந்த வருடம் எல்லோருக்கும் பளபளப்பில்லாத சாம்பல் வேண்டும்.
ஈஸ்டர் ரமலானுக்குள் விழுந்தது.
மதியம், கம்பியில் தொங்கி
சாம்பல் முட்டை காய்ந்துகொண்டிருக்க
நோன்பு வாயோடு வந்து நின்றார்
பெஷாவர் பக்கத்து டிங்கர் குல்நவாஸ்.
"கண்ணேறுக்கா?"
"இல்லை, எங்கள் பெருநாளுக்கு"
என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில்.

அவர் முகம் பையன் முகமாகிவிட்டது.
ஈதுக்கு அவர்கள் ஊரிலும் உண்டாம்.
அவித்து, சாயம் ஏற்றி,
ஒருவன் முட்டையால் இன்னொருவன் முட்டையை...
அதை என் பாஷைக்குள் போட்டுப் பார்த்தேன்,
முட்டையால் முட்டையை முட்டுவது என்று வந்தது.
தனியாகச் சிரித்தேன்.
காரணம் கேட்டார், சொல்லத் தெரியவில்லை.

கம்பியிலிருந்ததைக் கையில் எடுத்தார்.
காதருகே வைத்துக் குலுக்கினார்.
"காலியா?"
மறுபடி குலுக்கினார்.
"காலி முட்டையை வைத்து எப்படிச் சண்டை போடுவது?"
காலியான கல்லறை பற்றி
ஞாயிறு வகுப்பில் படித்ததெல்லாம் நினைவிருந்தது,
இந்தியில் இல்லை.

ஈதுக்கு மறுநாள் ரோலாவுக்கு வந்தார்,
கைக்குட்டையில் ஆறு முட்டை,
வெங்காயத் தோலில் வெந்த சிவப்பு.
முஷ்டிக்குள் வைத்து
முனை மட்டும் தெரியப் பிடிக்கவேண்டும் என்றார்.
நிவேட்டா மூன்று பேரைத் தோற்கடித்தாள்,
சுபைதாவின் புருஷனையும் சேர்த்து.
நான்காவதில் டொக்கென்று அவளுடையது உடைந்தது.
வென்றவர் தோற்ற முட்டையைத் தின்னலாம் என்றார் குல்நவாஸ்.
அவள் தரவில்லை.
நேராக ஃபிரிட்ஜுக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி,
எட்டாவது குழியில் வைத்தாள்.

"அது காலியாக இருக்கவேண்டிய இடம்டி" என்றாள் ஜெசிந்தா.
"யார் சொன்னது?"
"நீதான் சொன்னே."
"அப்போ எனக்கு ஆறு வயசு."

மூன்றாம் நாள் எழுந்தது
நாற்றம்.
சுபைதா மூக்கைப் பொத்தாமல் பொத்திக்கொண்டாள்.
எல்லோரும் தூங்கிய பிறகு
ஜெசிந்தா அதை எடுத்துப் போனதைப் பார்த்தேன்.
குப்பைக்கு என்று நினைத்தேன்.
குழாயடியில் நின்று உரித்து,
ஓட்டை மட்டும் கழுவி,
துண்டு துண்டாகத் திரும்பக் கொண்டுவந்தாள்.

ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கும்போது
மற்றதெல்லாம் சும்மா இருக்கிறது.
எட்டாவதில் மட்டும்
கிலுகிலுவென்று ஒரு சத்தம்.